மாரப்பன் வாய்கட்டிய மூட்டை

எங்கள் கடைக்கு வந்து ஒருவன், "புத்தம் புது விதைங்க, நேத்துத்தான் உருவுனது" என்று பெருமையாகச் சொன்னால் அவனுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். கத்தரிக்காய்க்குப் புதுசு விலை. மாடு மேயும் கொழுக்கட்டைப் புல்லின் விதைக்குப் பழசுதான் விலை. அந்தப் புல்லின் விதை செடியிலிருந்து இறங்கியதும் தூங்கப் போய்விடும். எட்டு ஒன்பது மாதம் சாக்கில் கிடந்து எழுந்தால்தான் மண்ணைக் கண்டு முளைக்கும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். தெரிந்திருந்தும் நான் ஒரு மனுசனின் நாலு ஏக்கரைப் போகவைத்தேன்.

கடையை இப்போது நடத்துவது முதலாளியின் மகள் கோகிலா. காலையில் காப்பி குடிப்பதற்குள் அன்றைய விலையைச் செல்போனில் ஊருக்கே அனுப்பிவிடுகிறது அந்தப் பிள்ளை. போன மாதம் வீட்டுக்கு வந்து, "சவரிமாமா, அப்பா எப்படி வெலை போடுவாருன்னு கடையில இருக்கறவங்களுக்கு எழுதிக் குடுங்க. நீங்களும் போயிட்டீங்கன்னா சொல்றதுக்கு ஆளில்லீங்க" என்றது. நான் போவதைப் பற்றி இவ்வளவு சுளுவாகப் பேசியதற்குத் திட்டிவிட்டு, சரி என்றேன். அது கேட்டது விலையை. அதோடு சேர்த்து அதற்குத் தெரியாத ஒன்றையும் எழுதுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான் தெற்கத்திக்காரன். தேரிக்காட்டுப் பக்கம் பிறந்து, பிழைக்க வழியில்லாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்கு வந்தவன். கட்டிங் டேபிளில் ஐந்து வருடம். பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி இருமலாகி, டாக்டர் வேறு வேலை பார் என்று சொல்லிவிட்டார். காங்கயத்திலிருந்து தாராபுரம் போகும் சாலையில் சென்னியப்பன் முதலாளி தீவன விதைக் கடை வைத்திருந்தார். தூசிக்குப் பயந்து போனவன் சாக்குத் தூசியில் விழுந்தேன். என்னவோ, அந்தத் தூசி எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மூட்டை தூக்குவதில் ஆரம்பித்து விதை வாங்குகிற ஆளாகக் கை உயர்ந்ததெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான், அதை விட்டுவிடுகிறேன்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தோசமாக இருந்தால், "ஏப்பா சவரி, இங்க வாப்பா" என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிக்கொண்டே போகும். "சவரிமுத்துங்களா, வாங்க, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார் என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன், ஒரு கெட்ட வார்த்தை கேட்டதில்லை. அந்த நாற்காலியில் மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன்.

விலை போடுவதற்கு முன்னால் முளைப்புப் பார்ப்போம். மற்ற கடைகளில் மண்சட்டியில் போட்டுப் பார்ப்பார்கள். எங்கள் கடையில் பனியன் துணி. அது நான் கொண்டுவந்த வழக்கம், அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு. வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் துணியைச் சுடுதண்ணீரில் அலசி, பிழிந்து, பலகையில் விரித்துக்கொள்வேன். விதையை உள்ளங்கையில் தேய்த்தால் சுணை போகும். வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை, நூறு விதை. பாய் சுருட்டுகிற மாதிரி துணியைச் சுருட்டி, இரண்டு விரல் தண்ணீர் ஊற்றிய பானையில் நிற்கவைக்க வேண்டும். ஐந்தாம் நாள் வெள்ளை மூக்கு தெரியும். பன்னிரண்டாம் நாள் விரித்து எண்ணுவோம். புது விதை என்றால் நூற்றுக்கு நாலோ ஐந்தோ. ஒன்பது மாதப் பழசு என்றால் ஐம்பதுக்கு மேல். மூன்று வருடம் தாண்டினால் மறுபடி இறங்கிவிடும், மாட்டுக்கு மெத்தை போடலாம்.

வேலிமசால் என்கிற தீவனச் செடியின் விதை வேறு சாதி. அதன் தோல் இரும்பு. கொதித்து இறக்கிய தண்ணீரில் நாலு நிமிடம் போட்டு எடுத்தால்தான் முளைக்கும். சொன்னால், "விதைய வேக வெக்கச் சொல்றயா?" என்று சண்டைக்கு வருவார்கள். வேகவைக்காமல் விதைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று அதற்கும் சண்டைக்கு வருவார்கள்.

முதலாளி விலை போடுகிற விதம் இதுதான், கோகிலா, எழுதிக்கொள். வாரச்சந்தைக்குப் போவார், ஒன்றும் வாங்க மாட்டார். கறவை மாடு என்ன விலை, சோளத்தட்டு என்ன விலை, மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் முகம் எப்படி, இதை மட்டும் பார்ப்பார். திருப்பூரில் பனியன் ஆர்டர் எப்படி என்று விசாரிப்பார். ஆர்டர் நன்றாக ஓடினால் ஊரெல்லாம் மாட்டை விற்றுவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிவிடும், விதைக்கு ஆள் இருக்காது. ஆர்டர் படுத்தால் திரும்பி வந்து ஒரு கறவையை வாங்குவார்கள். முதலில் வேலிமசால் விலை ஏறும், பின்னால் தீவனச் சோளம், கடைசியில் புல். எல்லாவற்றையும் மனதில் போட்டு, வாசல் சிலேட்டில் எழுதுவார். விலை மட்டும் இல்லை, பக்கத்திலேயே நூற்றுக்கு எத்தனை முளைப்பு என்றும் எழுதுவார். ஒரு விதி வைத்திருந்தார்: "மழை உழுந்தப்பறம் வெலையத் தொடக்கூடாது. அவன் வானத்தப் பாத்துட்டு ஓடியாரான். அப்பப் போயி ஏத்துனா அது யாவாரமில்ல."

இன்னொரு வழக்கம் வாய்க்கட்டு. மழைக்கு முன்னால் வந்து, முளைப்புத் துணியைப் பார்த்து, பிடித்த மூட்டையின் வாயை வாங்குகிறவனே தன் கயிற்றால் கட்டிவிட்டுப் போவான். முன்பணம் கிடையாது. மழை வந்தால் வந்து எடுப்பான். வராவிட்டால் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போவான். கட்டியவன் கையைத் தவிர வேறு கை அந்தக் கட்டில் படக்கூடாது. அப்படி ஒரு எழுதாத சட்டம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு தொடர்ந்து மழை பொய்த்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். கொறங்காடு என்று நாங்கள் சொல்லும் மேய்ச்சல் காடுகளில் கிளுவை வேலிதான் மிஞ்சியது. உள்ளே புல் வேரோடு செத்தது. புல் இல்லாவிட்டால் விதையும் இல்லை. மாட்டை அடிமாட்டுக்கு ஏற்றிவிட்ட சனங்களுக்கு விதை எதற்கு? எங்கள் பழைய விதை கிலோ அறுபது ரூபாயில் சீந்துவாரில்லாமல் கிடந்தது.

மூன்றாவது வருடம் ஆடியில் மேகம் கூடியது. விதையைத் தேடி முதலில் வந்தவன் மாரப்பன். என் வயதுக்காரன், பதினைந்து வருடப் பழக்கம். நாலு ஏக்கர் கொறங்காடு. ஆறு மாட்டில் நாலை விற்று இரண்டு வைத்திருந்தான். அவன் தம்பிக்கு வீரபாண்டியில் நாலு மிசின் போட்ட சின்ன பனியன் யூனிட், கடனில் ஓடியது. காட்டை விற்றுப் பங்கைக் கொடு என்று தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். அவனையும் குறை சொல்ல முடியாது.

"ஏப்பா சவரி, தம்பியும் நானும் ஒரு பேச்சுக்கு வந்துட்டம்" என்றான் மாரப்பன். "ஐப்பசி கடைசிக்குள்ள காட்டுல புல்லு வந்துட்டா விக்கறதில்ல. மேய்ச்சலுக்குக் குத்தகை உட்டு, வர்றதுல பாதி அவனுக்கு. வல்லீன்னா நாங் கையெழுத்துப் போட்டுரோணும். பெரியவங்களக் கூப்புட்டு வெச்சுப் பேசியாச்சு."

"ஒரே விதைப்பா?" என்றேன்.

"ஒரே வெதைப்புத்தான். மண்ணு என்னையக் கை உடாது போ."

முளைப்புத் துணியை விரித்துக் காட்டினேன். நூற்றுக்கு ஐம்பத்திரண்டு. ஒவ்வொன்றாகத் தொடாமல் எண்ணினான். பிறகு இடுப்பிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தான். வறட்சியில் விற்ற மாட்டின் கழுத்துக்கயிறு. மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள் இங்கே, கொடுத்தால் பட்டியே போய்விடும் என்பார்கள். அந்தக் கயிற்றால் பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும் அந்த மூட்டையின் வாயைக் கட்டினான். மாடு கட்டுகிற முடிச்சுத்தான் போட்டான்.

புரட்டாசியில் மழை கொட்டியது. அதற்கு நாலு நாள் முன்னால்தான் முதலாளிக்குக் கோயமுத்தூரில் கண் ஆபரேசன். "பாத்துக்கப்பா சவரி" என்று சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். முதல் தடவையாகக் கடை என் கையில். மழை பெய்த மறுநாள் வாசலில் நிற்க இடமில்லை. யாரிடமும் பழைய விதை இல்லை, எங்களிடம்தான் கொஞ்சம். சிலேட்டை அழித்து எண்பது எழுதினேன். வாங்கினார்கள். மதியம் நூற்றுப் பத்து. அதற்கும் வாங்கினார்கள். முதலாளியின் விதி மறக்கவில்லை. அவர் வந்து பார்த்து, சவரி கெட்டிக்காரன் என்று சொல்லவேண்டும் என்று ஆசை. என் பைக்கு ஒரு பைசா போகவில்லை. சத்தியமாக. ஆனால் அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, பேராசை பைக்கு மட்டுமா வரும்?

மூன்றாம் நாள் ஒரு காரில் மேனேஜர் ஒருவர் வந்தார். பெருமாநல்லூர்ப் பக்கம் பனியன் கம்பெனி வைத்திருக்கும் பெரிய கை, பண்ணை வீடு போட்டு நாட்டுமாடு வளர்க்கப் போகிறாராம். பத்து ஏக்கருக்கு விதை வேண்டும். கிலோ இருநூறு என்று நானே சொல்லிச் சிலேட்டிலும் எழுதினேன். சொல்லும்போது எனக்கே நாக்குக் கூசியது. அவர் கண் சிமிட்டாமல் சரி என்றார். இருந்ததெல்லாம் அளந்தும் ஒரு மூட்டை குறைந்தது.

"அது என்னங்க?" என்று மாரப்பனின் மூட்டையைக் காட்டினார்.

"அது ஆள் சொல்லியிருக்குங்கய்யா."

"மழை பேஞ்சு மூணு நாளாச்சு. வர்றவன் வந்திருப்பானுங்களே? இல்லீன்னா மொத்தமும் வேண்டாமுங்க, வேற பக்கம் பாத்துக்கறோம்."

மற்ற வாய்க்கட்டு மூட்டைகளெல்லாம் போய்விட்டன, இது ஒன்றுதான் நின்றது. மாரப்பன் மனசு மாறியிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வந்தாலும் தாராபுரத்து வியாபாரியிடம் சாயங்காலத்துக்குள் வாங்கி வைத்துவிடலாம் என்றும் சொல்லிக்கொண்டேன். கயிற்றை அவிழ்த்தேன்.

கார் போன பிறகு தாராபுரத்துக்குப் போன் போட்டேன். இல்லை. மூலனூருக்குப் போட்டேன். "எங்களுக்கே நீங்க குடுத்தாத்தான் உண்டுங்க" என்றார்கள். கடையில் இருந்தது ஒன்றுதான். கொமரலிங்கத்திலிருந்து வந்த விதை. ஆற்றங்கரை வரப்புகளில் வறட்சியிலும் புல் கொஞ்சம் கதிர் தள்ளியிருந்தது. ஒரு மாதம் முன்னால் பெண்கள் உருவி அனுப்பியது. புது விதை, அடுத்த வருடத்துக்காக வாங்கி வைத்தது. பார்வைக்குப் பழசும் புதுசும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதை மாரப்பனின் சாக்கில் நிரப்பினேன். அவன் கயிற்றாலேயே கட்டினேன்.

மறுநாள் காலை கடை திறக்குமுன் வந்து நின்றான். முழங்கால் வரை சேறு. "மூணு நாளா நாலு ஏக்கரையும் உழுதேன். ஈரத்துல உழுதுட்டு வெதச்சாத்தானப்பா புடிக்கும்? அதுக்குத்தான் நேரமாயிப் போச்சு. மூட்ட இருக்குதுல்ல?" என்றான். சிலேட்டில் இருநூறைப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"ஒனக்கு அறுபதுதான்" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டான் பாவி. கிலோ இருபதுக்குக்கூட ஆள் இல்லாத புது விதைக்கு அறுபது வாங்கிக்கொண்டு அந்தக் கும்பிடையும் வாங்கிக்கொண்டேன். மூட்டையைத் தோளில் வைக்கும்போது முடிச்சைக் கையால் ஒரு தடவை தடவினான். என்னைப் பார்த்தான். பிறகு போய்விட்டான். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "வேண்டாம்டா, இது முளைக்காது, வேற எதையாவது விதை, தட்டைப்பயறு இருக்கு, சோளம் இருக்கு, எதையாவது பச்சையாக் காட்டித் தம்பிகிட்டத் தவணை வாங்கு" என்று. நாள் முழுக்க ஓயாத என் வாய்க்கு அன்றைக்கு என்ன கேடு வந்ததோ.

முதலாளி கண்ணில் பச்சைத் துணி கட்டிக்கொண்டு வந்தார். மூடாத கண்ணால் சிலேட்டைப் பார்த்தார். "சவரிமுத்துங்களா, வாங்க. உக்காருங்க. மழை உழுந்தப்பறம் வெலையத் தொட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க?" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தேன். விலைக்காக அழுதேன். மூட்டையைப் பற்றிச் சொல்லவில்லை.

ஐப்பசியில் மாரப்பன் வந்தான். கத்தவில்லை. "நூத்துக்கு அம்பதுன்னு பாத்தனுங்க. காடு பூராத் தேடுனாலும் அங்கொண்ணு இங்கொண்ணுதானுங்க இருக்குது. எங்க தப்புன்னு தெரீலீங்க" என்றான், முதலாளியைப் பார்த்து.

முதலாளி அவனை உட்காரவைத்து, எத்தனை உழவு, எப்போது விதைப்பு என்று பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: "எங்க வெதையில தப்பிருக்காதுங்க மாரப்பா, துணியில நீங்களே பாத்தீங்க. ஆழமா உழுது மேல மழையும் எச்சா உழுந்து மண்ணு மூடிருச்சாட்ட இருக்குது. பூப்போல தூவி உட்டிருக்கோணும்."

வாழ்நாளில் பொய் சொல்லாத மனுசன். என்னால் அன்றைக்குச் சொன்னார், அது பொய் என்று தெரியாமலே. மாரப்பன் தலையை ஆட்டினான். "ஆமாங்க. ஆசப்பட்டு எச்சா உழுதுட்டனுங்க" என்றான். நான் பக்கத்தில் தராசுக்குப் படிக்கல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். கையில் இருந்த கல்லைக் கீழே வைக்க முடியவில்லை.

மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவருக்கு விதையைப் பற்றி என்ன தெரியும்? மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். முன்னூறு சொல்லியிருப்பேன். முதலாளியிடம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் போய்ச் சேரும் வரை அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

அடுத்த வருடமும் நல்ல மழை. ஒரு வேலையாக டவுன் பஸ்ஸில் மாரப்பன் காட்டு வழியே போனேன். சன்னலோரம் இருந்தவன் எழுந்து நின்றுவிட்டேன். நாலு ஏக்கரும் புல். இடுப்பளவு கொழுக்கட்டைப் புல், கதிர் தள்ளிக் காற்றில் ஆடுகிறது. நடுவில் கம்பெனி கட்டுவதற்குக் கடைக்கால் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தூங்கின விதை எழுந்திருக்கிறது, தப்பாமல், அதன் கணக்குப்படி. ஒரு வருடம் பிந்தி.

இறங்கினேன். கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுத் தகரக் கேட் போட்டிருந்தார்கள். கேட்டில் காக்கிச் சட்டையில் மாரப்பன். காட்டை வாங்கியவர்களே வாட்ச்மேனாக வைத்துக்கொண்டார்களாம். மாடு இரண்டையும் விற்றுவிட்டிருந்தான்.

"ஏப்பா சவரி! பாத்தயா, வந்துருச்சு!" என்றான். தன் புல்லைக் காட்டுகிறவன் மாதிரித்தான் காட்டினான். "உங்க வெதையில குத்தமில்லப்பா. மொதலாளி சொன்னது செரிதான், மண்ணு மூடியிருந்திருக்குது. இந்த மண்ணு இருக்குது பாரு, ஒரு வருசம் முந்திக் குடுத்திருக்கலாம், குடுக்கல. எனக்குன்னு வர்றப்ப அமுக்கிக்கிச்சு. அது மேலதான் எனக்குக் கோவம்."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஒண்ணு கேக்கோணும்னு இருந்தேன். அன்னைக்கு மூட்டையத் தூக்குறப்பவே அது எம்பட கட்டு இல்லீன்னு தெரிஞ்சு போச்சு. நாஞ் சுருக்கு இடப்பக்கம் உடுவேன், அது வலப்பக்கம் இருந்துது. செரி, சவரி எதுக்கோ அவுத்துப் பாத்திருக்கான், எதாச்சும் நல்லதாப் பாத்து மாத்தி வெச்சிருப்பான்னு நெனச்சுட்டுத்தான் ஒண்ணுங் கேக்காமத் தூக்கிட்டுப் போனேன்."

அதற்கு மேல் தாங்கவில்லை. சொன்னேன். கார் வந்தது, கட்டை அவிழ்த்தது, கொமரலிங்கத்துப் புது விதை, எல்லாவற்றையும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஜல்லி லாரி வந்தது. போய்க் கேட்டைத் திறந்து, டிரைவருக்குச் சலாம் வைத்து, லாரி புல்லின் மேல் ஏறி உள்ளே போகும் வரை நின்று, மூடிவிட்டு வந்தான்.

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கீழே குனிந்து ஒரு கதிரை உருவினான். உள்ளங்கையில் தேய்த்து, சுணையை ஊதி, விதையைப் பார்த்தான்.

"அப்ப இந்த மண்ணு மேல தப்பே இல்லீங்களா?" என்றான்.

"இல்ல மாரப்பா."

விதையைக் கீழே போடாமல் காக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க" என்றான். "மண்ணு என்னையக் கை உட்டுருச்சுன்னு நெனச்சுத்தானுங்க அன்னைக்குக் கையெழுத்துப் போட்டேன்."